ஒராள் காணாது

“உங்கட மதினி கொழும்புல என்ன செய்யிறா?”

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. மீன்காரரின் சைக்கிள் வாசலில் நின்றால், தராசில் சூடை மீன் விழுவதற்கு முன்பே பக்கத்து வீட்டு மாமி இதைக் கேட்டுவிடுவார். மகளைப் பாலர் பாடசாலையில் விடப் போனால் அங்கே காத்திருக்கும் தாய்மார் கேட்பார்கள். கிளினிக்கில் மிட்வைஃப்கூட மகளைத் தராசில் ஏற்றிவிட்டு, நிறையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொல்லி வைத்திருந்தேன். ஒருவருக்கு “படிப்பிக்கிறா.” இன்னொருவருக்கு “டிசைனிங்.” மற்றவருக்கு “அது ஒரு கம்பனி மாதிரி.” மூவரும் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து கதைப்பதைக் கண்டபோது நான் வட்டிலப்ப இனிப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மதினி என்று நான் சொல்வது என் கணவரின் தங்கையை. அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் புத்தளம் வீட்டின் கடைக்குட்டி. கொழும்பில் கலை படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு போடிங்கில் தங்கிவிட்டாள். பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்து வாடகை கட்டுகிறாள். மிச்ச நேரத்தில் அவள் செய்வதுதான் பிரச்சினை. படம் வரைகிறாள் என்றால் சொல்லிவிடலாம், படம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் வரைவதை விட்டு நாளாகிறது. இப்போது அவள் சில பொருட்களை ஓரிடத்தில் வைக்கிறாள். ஆட்கள் வந்து அவற்றைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதை மிட்வைஃபிடம் எப்படிச் சொல்வது?

எனக்கே விளங்கினால்தானே சொல்வதற்கு. நான் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரை படித்தவள், அதிலும் கலைப் பிரிவு. ஆனால் அங்கே படிப்பித்த கலை வேறு. மதினி கூப்பிட்டாளே என்று கொழும்பில் சில கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு மண்டபத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு வாளி, வாளிக்கு மேலே ஒரு விளக்கு. அவ்வளவுதான். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிதண்ணீர் பவுசர் லொறி வந்தால்தான் உண்டு. அந்தக் குழாயை இறுக்கிப் பூட்டாமல் அந்த இடத்தை விட்டு வெளியே வந்ததுதான் என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை என்று நினைக்கிறேன். இன்னொரு இடத்தில் சுவர் நிறைய ஒரு வீடியோ: ஒரு பெண் இறால் உரித்துக்கொண்டே இருந்தாள். முன்னால் உட்கார வாங்கு போட்டு, நல்ல உடுப்பு உடுத்த ஆட்கள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குசினி வாசலில் நான் வாரத்துக்கு இரண்டு தடவை அதைச் செய்கிறேன், யாரும் வாங்கு போட்டதில்லை.

விளங்காவிட்டாலும் மதினிக்கு மரியாதைக் குறைவு வரக்கூடாது என்பதற்காக நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முன்னாலும் மனதுக்குள் நபிக்கு மூன்று சலவாத்துச் சொல்லும் நேரம் நிற்பேன். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்ப்பேன். பிறகு அடுத்ததுக்குப் போவேன். ஒரு தடவை நான் அப்படி நின்றதைப் பார்த்துவிட்டு, ஒரு பெரியவர் தன் மனைவியிடம், “பார், எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறா” என்று சிங்களத்தில் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருந்தது மின்சாரப் பெட்டியை. அது கண்காட்சியில் சேர்த்தியில்லை என்று மதினி பிறகு சொன்னாள்.

இப்படியே போயிருந்தால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் ஒருநாள் மாமா பள்ளிவாசலிலிருந்து முகம் கறுத்து வந்தார். மாமா, அதாவது என் கணவரின் வாப்பா, உப்பு வியாபாரி. உப்பளத்து வாய்க்கால்களைத் தாண்டிக் கேட்கக் கத்திக் கத்திப் பழகிய குரல். அன்றைக்கு அந்தக் குரல் தணிந்திருந்தது. யாரோ தொழுகை முடிந்து செருப்புப் போடும்போது கேட்டிருக்கிறார்கள், “மகள் கொழும்புல என்ன செய்யிறா?” என்று. மாமா “படிச்சி முடிஞ்ச” என்றிருக்கிறார். “அதுதான், முடிஞ்ச பொறகு என்ன செய்யிறா?” மாமா செருப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“நான் ஒருக்காப் போய் என்ட கண்ணால பாப்பன்” என்று தீர்ப்புச் சொன்னார் மாமா. “அவள் செய்யிறத பள்ளிவாசல்ல ஒரு வசனத்துல எனக்குச் சொல்ல ஏலுமா இருக்கோணும். ஏலுமெண்டா இருக்கட்டும். ஏலாட்டி அவள் எங்களோட வீட்டுக்கு வரணும், அண்டைக்கே.”

சொன்னதோடு அலுமாரிக்கு மேலிருந்த பெரிய பயணப் பையைத் தானே இறக்கித் தூசி தட்டினார். வெறும் பை. மதினியின் உடுப்புகளை அதில் போட்டுக் கொண்டுவருவதற்கு.

கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாமி, என் கணவரின் உம்மா, மூட்டுவலிக்காரி, பஸ்ஸில் இருக்க ஏலாது. என் கணவர் கட்டாரில். வட்ஸப்பில் குரல் அனுப்பினார்: “நீ பாத்துச் செய்.” இந்த மனிதர் கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்குச் சொன்ன ஆலோசனை முழுவதையும் சேர்த்தாலும் இந்த மூன்று சொல்தான். நான் புத்தளத்துக்கு வெளியே கரைத்தீவுப் பக்கம் வளர்ந்தவள். உம்மாவும் வாப்பாவும் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். மாமா வீட்டார் பரம்பரை பரம்பரையாகப் புத்தளம். ‘வடக்கால வந்த புள்ள’ என்ற பெயர் இந்த வீட்டில் எனக்கு முழுதாகப் போகவில்லை. மதினி பையோடு திரும்பி வந்தால், அவளைக் கொழும்புக்குப் போக ஆசை காட்டியவள் என்று குற்றவாளியாக நான்தான் நிற்பேன். வராவிட்டாலும் நான்தான் நிற்பேன்.

மதினி தொலைபேசியில் அழாத குறையாகக் கெஞ்சினாள்.

“மதினி, இந்த முற நான் வெச்சிருக்கிறத வாப்பா நேராப் பாத்தா சரிவராது. உள்ளுக்குப் போக முந்தி எனக்கு ஒரு கோல் எடுங்க. நான் வந்து விளங்கப்படுத்திக் கூட்டிட்டுப் போறன்.”

“அப்பிடி என்னத்தத்தான் வெச்சிருக்க?”

“சஹன்.”

சஹன் எங்கள் விருந்துத் தட்டு. பாயில் வெள்ளை விரித்து, நடுவில் அந்தப் பெரிய தட்டை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவோம். ஆறு பேர் நிறையாமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. ஆண்கள் மண்டபத்தில் இருப்பார்கள், பெண்களுக்குத் திரைக்கு இந்தப் பக்கம். ஆண்கள் எழுந்த பிறகுதான் நமக்கு வரும். மதினி கண்காட்சியில் வைத்திருந்தது உண்மையான சஹன், ஒவ்வொரு நாளும் அவளே சமைத்தது. ஏனென்றால் வாசமும் வேலையின் பகுதியாம். ஐந்து இடங்களில் வெள்ளைச் சீலைக்கு அடியில் ஐந்து சின்ன ஒலிபெருக்கிகள். எங்கள் சொந்தக்காரக் கல்யாணம் ஒன்றில் ஆண்கள் சாப்பிடும்போது கதைத்ததை அவள் ஒலிப்பதிவு செய்திருந்தாள். அது ஐந்து இடத்திலிருந்தும் ஒலிக்கும். ஆறாவது இடம் சும்மா, வெறுமையாக. அது பெண்களுடைய இடமாம், திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேயிருந்த எல்லாருடைய இடமும். வேலையே அந்த வெற்றிடம்தான் என்றாள்.

“மாமாட்ட இத ஒரு வசனத்துல எப்பிடிச் சொல்ற?” என்றேன்.

“அதுதான் மதினி, கோல் எடுங்க எண்டன்.”

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். மாமா, நான், நாலு வயது மகள், அந்த வெறும் பை. சிலாபம் தாண்டும்வரை எனக்கு ஒரே கவலை மகளைப் பற்றியது. இவள் எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கிறவள். மூக்கால் தொட்டும் பார்ப்பாள். அங்கே விலைபோட ஏலாத ஏதாவதை இவள் உடைத்தால் என்ன செய்வது? ஆகவே பஸ்ஸிலேயே வகுப்பு நடத்தினேன்.

“அங்க போனா கைய எங்க வைக்கிற?”

“பின்னால கட்டுற.”

“ஏதாச்சும் தொடுறதா?”

“தொடாத.”

“யாராச்சும் தொட்டாப் பாத்துட்டு இருக்கிறதா?”

இந்தக் கடைசிக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. “உம்மாட்ட சொல்ற” என்றாள் மகள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். “கஸ்டம்ஸ்ல சேக்கலாம்” என்றார்.

கண்காட்சி நடந்தது ஒரு பழைய தேயிலை ஸ்டோரில். உயர்ந்த கூரை, வெள்ளைச் சுவர், வாசலில் ஒரு வாங்கு. நான் தொலைபேசியை எடுத்து மதினியின் இலக்கத்தை அழுத்தப் போனேன். சத்தியமாகப் போனேன். அந்த நேரம் பார்த்து மகள் இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, “உம்மா, அவசரம்” என்றாள். பஸ்ஸில் முழுப் போத்தல் தண்ணீரையும் குடித்திருந்தாள்.

“மாமா, இதுல கொஞ்சம் இருங்க. நாங்க இப்ப வாறம்.”

“ஓம், போங்க.”

நாங்கள் திரும்பி வந்தபோது வாங்கில் பை மட்டும் இருந்தது.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. “அஞ்சு பேர் இருக்கிறம், ஒராள் காணாது! வாங்க நானா, வாங்க, சோறு ஆறுது!” அது மாமாவின் தம்பியின் குரல்; அவருக்கு எந்த ஆணும் ‘நானா’, அண்ணன்தான். என் கல்யாணத்திலும் அதே குரல் அதே சொல்லைச் சொல்லிக் கூவியது. ஒரு கணம், புத்தளத்தில் ஏதோ விருந்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நானே நம்பிவிட்டேன். பிறகுதான் மாமா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரில் எந்த ஆணாவது இந்தக் கூப்பாட்டைக் காதில் வாங்காமல் போவாரா? ஐந்து பேர் பசியோடு காத்திருக்க, நீங்கள் நிற்கிறீர்கள் என்றால் அதைவிடக் கேவலம் இல்லை. பகையாளிகள்கூட அந்தச் சத்தத்துக்கு வந்து ஒரே தட்டில் இருந்துவிடுவார்கள்.

உள்ளே ஓடினேன். மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாரத்தை மடித்து, ஆறாவது இடத்தில் சப்பணம் போட்டு இருந்தார். கெண்டித் தண்ணீரில் கை கழுவி முடித்திருந்தார். அவர் முன்னால் சோறு, அதற்கு மேல் முழுப் பொரித்த கோழி, ஓரத்தில் புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய் மோஜு, புதினா அரைத்த மின்சிச் சம்பல். அவரைச் சுற்றி ஐந்து இடத்திலும் ஆளில்லாத சத்தம்.

என் கையை உதறிவிட்டு மகள் தன் கைகளைப் பின்னால் கட்டினாள். பிறகு அந்த உயர்ந்த கூரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“உம்மா! மூத்தாப்பா தொடுறாரு!”

எல்லாரும் திரும்பினார்கள். காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்தான். “அங்கிள், அல்லன்ன எபா!” தொட வேண்டாம் என்கிறான். ஆறு பேர் நிறையும்வரை சோற்றைத் தொடாதே என்று இந்தப் பையன் தனக்கே நினைவூட்டுவதாக மாமா எடுத்துக்கொண்டார்.

“ஓம் ஓம், தெரியும். இன்னும் தொடல்ல” என்று தமிழில் சொல்லிவிட்டு, சந்தைச் சிங்களத்தில், “மல்லி, எண்ட, வாடிவெண்ட” என்று அவனையும் வந்து இருக்கச் சொன்னார். பிறகு என்னைக் கண்டார். “எங்க புள்ள மத்தாக்கள்? சோத்த மூடாமத் தொறந்து வெச்சிட்டு எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க. கொழும்பு ஆக்கள்ட பழக்கம்.”

நான் வாயைத் திறந்தேன். மாமா, இது சாப்பிடுவதற்கில்லை, பார்ப்பதற்கு. இது பெண்களுடைய இடம், நீங்கள் எழும்புங்கள். இரண்டு வசனமும் நாக்கு நுனிவரை வந்தன. மருமகள் மாமாவைச் சஹனிலிருந்து எழுப்பிய கதை எங்கள் ஊரில் இதுவரை இல்லை. முதலாவதாக நான் இருக்க வேண்டுமா? யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் எதுவும் நிற்பதில்லை என்பதை இந்த வயதில் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மாமா ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். கழுத்தில் கெமரா தொங்கிய ஒரு வயதான வெள்ளைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து, மகிழ்ச்சியோடு சப்பாத்தைக் கழற்றினார். தலைமுடியை முடிச்சுப் போட்ட ஒரு இளைஞன் தானாகவே வந்து இருந்தான். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் போலிருந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பாயில் இருந்துவிட்டார்கள். மாமா அதைக் கண்டு ஒரு கணம் தாடியைத் தடவினார். ஆனால் கூப்பிட்ட ஆளை எழுப்புவது அவருக்குப் பழக்கமில்லை. சீலைக்கு அடியில் தட்டுப்பட்ட ஒலிபெருக்கிகளை ஓரமாகத் தள்ளி அவர்களுக்கு இடம் விட்டார். பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், கண்காட்சியை நடத்துபவர், காவல்காரப் பையனைக் கையால் தடுத்து நிறுத்திவிட்டு, கண் விரியப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா தலை எண்ணினார். “அஞ்சு. ஒராள் காணாது.”

ஒலிபெருக்கியும் அதையே சொன்னது.

மாமாவின் பார்வை மண்டபத்தைச் சுற்றி வந்தது. நான் மகளோடு தூணுக்குப் பின்னால் போனேன். அப்போதுதான் மதினி வாசலில் வந்து நின்றாள். கையில் தேநீர்க் கோப்பை. முகம் சுண்ணாம்பு.

“வாப்பா!”

“நீ எங்க போன? சோத்த வெச்சிட்டு ஊர் சுத்துறியா?”

“வாப்பா, அது சாப்பிடுற சாப்பாடு இல்ல.”

“சாப்பிடுற சாப்பாடு இல்லாட்டி பின்ன என்னத்துக்குச் சமைச்ச?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

“ஆர் சமைச்ச? நீயா?”

“ஓம்.”

“நீயே?” மாமா கோழியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வீட்டில் முட்டை பொரிக்கச் சொன்னாலும் அடுப்பை அணைக்க மறப்பவள் அவள். “அப்ப நில்லாம வந்து இரு. அஞ்சு பேர் பாத்துட்டு இருக்கிறம். சோறு ஆறுது.”

மதினி நின்றாள். அந்த வெறுமையான இடத்துக்காக அவள் எத்தனை நாள் யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அவளுடைய வாப்பாவே ஏறி இருக்கிறார். வெளியே வாங்கில் வெறும் பை காத்திருக்கிறது. அவள் கத்தியிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். அவள் கோப்பையைத் தரையில் வைத்தாள். கை கழுவினாள். மாமாவுக்கு எதிரில் போய் இருந்தாள்.

“பிஸ்மி சொல்லுங்க” என்றார் மாமா எல்லாரிடமும் பொதுவாக. வெள்ளைக்காரர் என்னவோ சொன்னார். நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அங்கே நடந்தது எங்கள் ஊர் விருந்துதான். தட்டில் மூத்தவர் கோழியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ள வேண்டும், மாமா தள்ளினார். வெள்ளைக்காரர் இடக்கையை நீட்டியபோது, மாமா தன் முழங்கையால் அந்தக் கையை மெல்லத் தட்டி இறக்கினார். முடிச்சுப் போட்ட இளைஞன் மின்சிச் சம்பலை அள்ளி வாயில் போட்டுவிட்டுக் கண்ணீர் விட்டான். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். ஒலிபெருக்கி மட்டும் விளங்கிக்கொள்ளவில்லை. “ஒராள் காணாது! வாங்க நானா!” என்று விடாமல் கூவியது. மூன்றாவது தடவை மாமா வாய் நிறையச் சோற்றோடு அதன் பக்கம் திரும்பினார்.

“ஆள் சரிடா! வாய மூடு!” பிறகுதான் நெற்றியைச் சுருக்கினார். “இது என்ட தம்பிட குரலெல்லோ? இவன் இங்கயும் வந்துட்டானா?”

மதினிக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. மாமா அவள் தலையில் தட்டினார்.

சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது, சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருந்த அட்டையை மாமா கண்டார். அவருடைய கண்ணாடி வீட்டில். “புள்ள, அதுல என்ன எழுதி இருக்கு?”

மதினி என்னைப் பார்த்தாள். அட்டையில் திரையைப் பற்றியும், பின்னால் நின்ற பெண்களைப் பற்றியும், அவர்களுக்கு ஒருபோதும் வைக்கப்படாத இடத்தைப் பற்றியும் நல்ல தமிழில் நாலு வரி இருந்தது. பை வாசலில் இருந்தது.

“ஆறாவது ஆளுக்காக வெச்ச இடம் எண்டு எழுதி இருக்கு, மாமா.”

“பாத்தியா” என்றார் மாமா மகிழ்ச்சியாக. “எனக்குத்தான்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசலுக்கு வந்தபோது மாமா பையைக் கையில் எடுத்தார். அவர் பையைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், ஏப்பம் விட்டார்.

“சோத்துக்கு உப்புக் காணாது. கொழும்பு உப்பு. நம்மட உப்பு அனுப்புறன்.”

அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேரும் வெறும் பையும் ஊருக்குத் திரும்பினோம். அடுத்த கிழமையே அந்தப் பை உப்பும் கருவாடும் மாமி இடித்த மிளகாய்த்தூளுமாக நிறைந்து, கொழும்பு பஸ்ஸில் தனியாகப் பயணம் போனது. இப்போதும் போகிறது.

மதினியின் வேலை கெட்டுப்போனதா, நன்றாக அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டேன். “என்ட வேலையே அந்த வெத்து இடம்தான் மதினி. வாப்பா வந்து அதுல இருந்துட்டாரு” என்றாள். பிறகு, “ஆனா என்ன இருக்கச் சொன்னாரு” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தொலைபேசியில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்காட்சிக்காரர்கள் அவளிடம், சனிக்கிழமைகளில் உங்கள் தந்தை தொடர்ந்து வருவாரா என்று கேட்டார்களாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மாமாவுக்கு ஒரு வசனம் கிடைத்துவிட்டது. பள்ளிவாசலில் செருப்புப் போடும் இடத்தில் அதைச் சொல்லியும்விட்டார்: “என்ட மகள் கொழும்புல சஹன் வெச்சுக் குடுக்கிறா. வெள்ளக்காரனெல்லாம் வந்து இருந்து சாப்பிடுறான்.” சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதிலும் பொய் இல்லை. இந்த வித்தையை வீட்டில் எல்லாரும் என்னிடம் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து யாரும் என்னிடம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. வேறு கேட்கிறார்கள். கல்பிட்டியில் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுபவர் ஒருவர், கிழமைக்கு ஒருநாள் வந்து சமைத்துத் தர ஏலுமா என்று கேட்கிறார். மிட்வைஃப் தன் மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு சஹன் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு மாப்பிள்ளை வீட்டார், “சமைக்கத் தெரிஞ்ச புள்ளயாம், எங்களுக்குப் புடிச்சிருக்கு” என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் தெரு முனையில் இருக்கும் பெரிய வீட்டுக்காரர் தன் மகளின் நிக்காஹ் விருந்து முழுவதையும் மதினியே செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, என்ன என்ன கறி என்று பேச வருகிறார்கள். “நீ பாத்துப் பேசு புள்ள” என்றுவிட்டார் மாமா. கட்டாரிலிருந்து வந்த குரல் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

மதினியிடம் சொன்னேன். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். “எடுங்க மதினி!” என்று துள்ளுகிறாள். “அந்தக் கல்யாணத்தயே அடுத்த வேலையாச் செய்வம். ஒவ்வொரு சஹன்லயும் ஒரு இடம் பொம்புளைக்கு எண்டு வைப்பம்.” அவள் வைத்தால், பெரிய வீட்டுக்காரரின் சம்பந்தி வீட்டார் அங்கேயே எழுந்து போவார்கள். அவள் வைக்காமல் ஒழுங்காகச் சமைப்பதென்றால், அன்றைக்குக் கொழும்பில் வைத்தது அவளுக்குச் செய்யத் தெரிந்த ஒரே ஒரு சஹன்தான், அதுவும் உப்புக் குறைவாக. மிச்சம் எல்லாவற்றையும் யார் சமைப்பது என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். “அவள் சமையல்காரி இல்ல, அவள் பொருட்கள ஓரிடத்துல வைக்கிறவ” என்று. அப்படிச் சொன்னால் மாமாவின் வசனம் பள்ளிவாசல் வாசலில் உடைந்துபோகும், வெறும் பை மறுபடியும் கொழும்புக்குப் போகும், மதினியின் உடுப்போடு திரும்பி வரும்.

ஆகவே வாசகர்களே, உங்களில் யாராவது இப்படி ஒரு மதினி வைத்திருந்தால், அல்லது நீங்களே இப்படி ஒரு மதினியாக இருந்தால், எனக்குச் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை வருகிறவர்களிடம் நான் என்ன சொல்லட்டும்? ஒரு வசனம் போதும். பொய்யாக இருக்கக்கூடாது, முழு உண்மையாகவும் இருக்கக்கூடாது, மாமா அதைச் செருப்புப் போடும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வசனம் கிடைக்காவிட்டால், பெரிய அளவில் நெய்ச்சோறு ஆக்கும் முறையையாவது எழுதி அனுப்புங்கள்.